கண்ட்ரோல் பேனலுக்குப் பூட்டு: கொல்லிமலையிலிருந்து ஒரு விமர்சனக் குறிப்பு

போன மாசம் குண்டூர் நாட்டுக்குப் போயிருந்தேன். கொல்லிமலையின் பதினான்கு நாடுகளில் ஒன்று அது. போன வேலை வேறு: ஊர்ப்பெயர்கள் பழைய பதிவுகளில் எப்படியெல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன என்று குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன், அது தனியாக வரும். திரும்பும் வழியில் மலைமேல் ஓர் அலுவலகத்தில் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. எந்த அலுவலகம், எந்தத் துறை என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் திட்டு விழுவது அங்கே கணினி முன் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குத்தான்.

அவர் ஒரு பயனாளிகள் பட்டியல் அடித்துக்கொண்டிருந்தார். பெயர்கள் தமிழில் வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. கணினியில் தமிழ் விசைப்பலகை இல்லை. "சேர்த்துக்கலாமே, ரெண்டு நிமிஷ வேலைதானே" என்று நான் அதிகப்பிரசங்கித்தனமாகச் சொல்ல, அவர் சிரித்துக்கொண்டே கண்ட்ரோல் பேனலை அழுத்திக் காட்டினார். ஒரு பெட்டி வந்தது. இந்தக் கணினியில் கட்டுப்பாடுகள் இருப்பதால் இந்தச் செயல் ரத்து செய்யப்பட்டது, சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டரைத் தொடர்புகொள்ளவும் என்று ஆங்கிலத்தில்.

"அட்மினிஸ்ட்ரேட்டர் யாரும்மா?"

"கீழ நாமக்கல்ல ஒரு சார் இருந்தாருங்க சார். அவரு மாறிப் போயிட்டாருங்க. புதுசா வந்தவருக்குப் பாஸ்வேர்டு தெரியலைன்னு சொல்றாங்க."

அப்புறம் எப்படித் தமிழில் அடிக்கிறார்? சொந்த செல்போனில் அடிக்கிறார். அதைத் தன் வாட்ஸப்புக்கே அனுப்பிக்கொள்கிறார். அலுவலகக் கணினியின் பிரௌசரில் வாட்ஸப் வெப் திறந்திருக்கிறது. அங்கிருந்து எடுத்து எக்செலில் ஒட்டுகிறார். வரிசை மாறிப் போகக் கூடாதே என்று பெயர், தகப்பனார் பெயர், ஆதார் எண் மூன்றையும் ஒரே வரியாக அனுப்புகிறார். "தனித்தனியா எடுத்தா ஒருத்தரு நம்பர் இன்னொருத்தருக்குப் போயிருதுங்க சார்." ரொம்ப நியாயமான கவலை. பாதுகாப்புக்காகப் போட்ட பூட்டு, மலையில் பாதிப் பேருடைய ஆதார் எண்ணை ஒரு தனியாள் செல்போனுக்குக் கொண்டுபோய்விட்டது. பூட்டு போட்டவருக்கு இது தெரியாது. அவர் பதிவேட்டில் அந்தக் கணினி பாதுகாக்கப்பட்ட கணினி.

இந்தப் பூட்டைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. அலுவலகக் கணினிகளில் கட்டுப்பாடே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கணினித்துறை நண்பர்கள் பாதியிலேயே சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

முதலில் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். விண்டோஸ் 95, என்.டி. 4 காலத்திலேயே சிஸ்டம் பாலிசி எடிட்டர் என்று ஒன்று இருந்தது. விண்டோஸ் 2000 வந்தபோது அது குரூப் பாலிசி என்று பெரிதாக வளர்ந்தது. ஒரு சர்வரில் உட்கார்ந்துகொண்டு ஆயிரம் கணினிகளுக்கு "இதைச் செய்யலாம், இதைச் செய்யக் கூடாது" என்று விதி எழுதலாம். அதில் ஒரு விதிதான் கண்ட்ரோல் பேனலையும் செட்டிங்ஸையும் மொத்தமாகத் தடை செய்வது. அதை இயக்கினால் ரெஜிஸ்ட்ரியில் அந்தப் பயனரின் பகுதியில் 'நோகண்ட்ரோல்பேனல்' என்ற இடத்தில் 1 என்று விழும். அவ்வளவுதான். சர்வர் இல்லாத சின்ன அலுவலகம் என்றால் யாராவது ஒருவர் பென் டிரைவில் ஒரு சின்னக் கோப்பைக் கொண்டுவந்து இருமுறை சொடுக்கினால் போதும், அதே பலன். மலைமேல் இருந்தது இந்த இரண்டாவது ரகம் என்று நினைக்கிறேன்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஒரு பயனருக்கு அதிகாரம் இல்லாமல் இருப்பது வேறு, கதவு கண்ணில் படாமல் இருப்பது வேறு. அட்மின் அல்லாத சாதாரணக் கணக்கில் ஒருவர் நுழைந்தால், எல்லோருக்குமான மென்பொருளை நிறுவுவது, ஃபயர்வாலை நிறுத்துவது, கணினியின் தேதியை மாற்றுவது எதையும் அவரால் செய்ய முடியாது. கண்ட்ரோல் பேனல் அகலத் திறந்திருந்தாலும் முடியாது, பாஸ்வேர்டு கேட்கும். உண்மையான காவல் அது. அதற்கு மேலே கண்ட்ரோல் பேனலையே மறைப்பது என்ன தருகிறது? சாதாரணக் கணக்கிலேயே செய்துகொள்ளக்கூடிய காரியங்களை, அதாவது எழுத்தைப் பெரிதாக்குவது, இடதுகைக்காரர் மவுஸை மாற்றிக்கொள்வது, தன் மொழியின் விசைப்பலகையைச் சேர்ப்பது போன்றவற்றைத்தான் தடுக்கிறது. கேஸ் வால்வை யாரும் திருகிவிடக் கூடாது என்று அடுப்பங்கரையையே பூட்டிவிட்டு, குடிதண்ணீர்ப் பானையும் உள்ளேதான் இருக்கிறது என்பதை மறந்துபோன கதை.

பூட்டு போட்டவர் தரப்பையும் கேட்போம். அவர் ஒன்றும் கொடுமைக்காரர் இல்லை. ஒரு மாவட்டத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் செம்மேடு வர வேண்டும். "பிரிண்டர் வரலை" என்று ஒரு போன் வந்தால் ஒரு நாள் போச்சு. ஏறிப் பார்த்தால் யாரோ ஒருவர் எதையோ அழுத்தி டீஃபால்ட் பிரிண்டரை மாற்றியிருப்பார். ஒரே கணினியில் மூன்று பேர், ஒரே லாகின். அந்த நிலையில் நானாக இருந்தாலும் பூட்டத்தான் பூட்டுவேன். இதை ஏதோ பெருந்தன்மைக்காகச் சொல்லவில்லை. இந்தப் பூட்டின் உண்மையான காரணம் பாதுகாப்பு அல்ல, பராமரிப்புச் செலவு. அதை அப்படியே ஒப்புக்கொண்டிருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும். எழுத்தில் மட்டும் எப்போதும் "சைபர் பாதுகாப்பு" என்று வருகிறது.

சரி, சைபர் பாதுகாப்பு என்றே வைத்துக்கொள்வோம். நம் பக்கத்தில் நடந்தவற்றை எடுத்துப் பார்ப்போம். 2017 மே 12 அன்று வானக்ரை உலகம் முழுக்கப் பரவியது, ஆந்திரக் காவல்துறையின் கணினிகளும் மாட்டின. அது எந்தப் பயனருடைய செட்டிங்ஸையும் தொட்டுப் பரவவில்லை. கோப்புப் பகிர்வுக்கான பழைய நெறிமுறையில் இருந்த ஓட்டை வழியாக, வலைப்பின்னலில் ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தானாகவே தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14-லேயே கொடுத்துவிட்டிருந்தது. ஆக, போட்டவர் தப்பித்தார், போடாதவர் மாட்டினார். அந்த அப்டேட் நிலவரத்தைப் பார்க்கும் பக்கம் எங்கே இருக்கிறது? செட்டிங்ஸுக்குள்ளே. அப்டேட் தானாக ஓடும் என்பது உண்மைதான். ஆனால் கரண்ட் போய் வருகிற, நெட் இழுத்துக்கொண்டே நிற்கிற இடத்தில் அது பாதியில் நின்றால், நின்றுவிட்டது என்று தெரிந்துகொள்ளும் ஒரே ஜன்னலும் பூட்டுக்குள் போய்விட்டது.

இன்னொன்று கூடங்குளம். 2019 அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் தன் கணினி ஒன்றில் தீம்பொருள் இருந்ததை ஒப்புக்கொண்டது. (முந்தைய நாள் அப்படி எதுவும் நடக்க வாய்ப்பில்லை என்ற தொனியில் ஓர் அறிக்கை வந்திருந்தது.) செர்ட்-இன் அமைப்பு அதைப் பற்றிச் செப்டம்பர் 4-லேயே தகவல் கொடுத்திருந்தது. பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைகளுக்காக இணையத்தோடு இணைந்திருந்த வலைப்பின்னலில் இருந்த ஒரு பயனரின் கணினி. உலையை இயக்கும் கட்டமைப்பு தனியாகப் பிரிக்கப்பட்டிருந்தது என்பதுதான் அவர்கள் சொன்ன சமாதானம். அங்கே காப்பாற்றியதாக அவர்களே சொல்வது வலைப்பின்னலைப் பிரித்து வைத்ததை. 2021 செப்டம்பரில் தலைமைச் செயலகத்தின் பொதுத் துறைக் கணினிகளை ரேன்சம்வேர் தாக்கி 1,950 டாலர் கிரிப்டோவாகக் கேட்டதும் செய்திகளில் வந்தது. இந்த மாதிரி விஷயங்களில் கைகொடுப்பவை வேறு: பேக்கப், அப்டேட், அட்மின் அல்லாத கணக்கு, அனுமதித்த மென்பொருள் மட்டுமே ஓடும்படி வைப்பது. ஒரு பெண் தமிழ் விசைப்பலகை சேர்க்க முடியாமல் இருப்பது இந்தப் பட்டியலில் எங்கேயும் இல்லை.

இந்தப் பூட்டுக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரு கோட்பாட்டை எடுத்து வைப்பார்கள்: யாருக்கும் அவரவர் வேலைக்குத் தேவையான குறைந்தபட்ச உரிமை மட்டுமே தர வேண்டும். நல்ல கோட்பாடு. ஜெரோம் சால்ட்ஸர், மைக்கேல் ஷ்ரோடர் இருவரும் 1975-ல் கணினித் தகவல் பாதுகாப்பைப் பற்றி எழுதிய கட்டுரையால் பரவலானது. எம்.ஐ.டி.யில் மல்டிக்ஸ் என்ற பெரிய இயங்குதளத்தில் வேலை பார்த்த அனுபவம் அதற்குப் பின்னால் உண்டு. அந்தக் கட்டுரையில் எட்டு நெறிகள் வரிசையாக வரும். குறைந்தபட்ச உரிமை ஆறாவது. எட்டாவது என்ன தெரியுமா? மனிதர்கள் ஏற்றுக்கொள்ளும்படி இருக்க வேண்டும் என்பது. பாதுகாப்பு ஏற்பாடு பயன்படுத்த எளிதாக இருந்தால்தான் ஆட்கள் யோசிக்காமலே அதைச் சரியாகப் பின்பற்றுவார்கள், அவர்கள் மனதில் இருக்கும் தேவையோடு ஏற்பாடு பொருந்தாவிட்டால் தவறு செய்வார்கள் என்று விளக்கியிருப்பார்கள். ஐம்பது வருஷமாக ஆறாவதை மட்டும் மேற்கோள் காட்டுகிறோம். எட்டாவது வரும் பக்கத்தைப் புரட்டியவர் குறைவு.

அதிலும் ஆறாவது நெறியே "வேலைக்குத் தேவையான" என்றுதான் சொல்கிறது. தமிழில் பட்டியல் அடிப்பது அவருடைய வேலை. 1956-லிருந்து இந்த மாநிலத்தில் ஆட்சிமொழிச் சட்டம் இருக்கிறது. தமிழ் விசைப்பலகை என்பது அவர் வேலைக்குத் தேவையான குறைந்தபட்சத்துக்குள் வருமா, வராதா? அதைப் பிடுங்கிக்கொண்டு குறைந்தபட்ச உரிமை என்று பெயர் வைத்தால், கோட்பாட்டைச் சரியாகப் படிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

அடுத்து, 2022 ஜூனில் வந்த ஒரு ஆவணம். தேசியத் தகவலியல் மையம், மத்திய அரசு ஊழியர்களுக்காகச் சைபர் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள் என்று வெளியிட்டது. செய்ய வேண்டியவை ஒரு பட்டியல், செய்யக் கூடாதவை ஒரு பட்டியல். அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கையே பயன்படுத்து, பயாஸுக்குப் பாஸ்வேர்டு வை, 45 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்று. ஒட்டும் தாளில் பாஸ்வேர்டு எழுதாதே, வெளியாருடைய மேகச் சேமிப்பில் அரசுக் கோப்பை ஏற்றாதே, கேம்ஸ்கேனர் மாதிரி செயலியில் ஸ்கேன் செய்யாதே, செய்திச் செயலிகளில் முக்கியத் தகவலைப் பகிராதே. தனித்தனியாகப் பார்த்தால் பெரும்பாலானவை சரியான அறிவுரைகள்தான். (45 நாள் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. கசிந்ததற்கான அறிகுறி இல்லாமல் காலக்கெடு வைத்துப் பாஸ்வேர்டை மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017-லேயே சொல்லிவிட்டது. மாற்றச் சொன்னால் கடைசி எண்ணை ஒன்று கூட்டிக்கொள்வார்கள். அடுத்த பட்டியலில் தடை செய்யும் அந்த ஒட்டும் தாளும் இதனால்தான் பிறக்கிறது.)

என் குறை அறிவுரைகளைப் பற்றியது அல்ல. "செய்யாதே" ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "அப்போ எப்படிச் செய்வது" என்ற ஒரு வரி வேண்டும். கேம்ஸ்கேனர் வேண்டாம், சரி, ஸ்கேனர் எங்கே? வாட்ஸப் வேண்டாம், சரி, தமிழ் எங்கே? மாநில அலுவலகங்களில் நான் பார்த்த சுற்றறிக்கைகளும் இதே வார்ப்புதான். ஆனி ஆடம்ஸ், ஏஞ்சலா சாஸ் இருவரும் 1999-ல் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பெயரே பயனர்கள் எதிரிகள் அல்ல என்பதுதான். ஊழியர்கள் விதியை மீறுவது அக்கறையின்மையால் மட்டும் அல்ல, விதி அவர்கள் வேலையோடு மோதுவதாலும்தான் என்று அலுவலகங்களில் ஆட்களிடம் பேசிப் பார்த்துச் சொன்னார்கள். மலைமேல் நான் பார்த்தது அப்படியே அதுதான்.

தமிழ் விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு.

விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்தில் வேலை பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். யூனிகோடு தமிழ் சரியாகத் தெரிய வேண்டுமென்றால் கண்ட்ரோல் பேனலில் மொழிப் பகுதிக்குப் போய் ஒரு கட்டத்தில் டிக் அடித்து, கேட்கும்போது எக்ஸ்.பி. சி.டி.யைப் போட வேண்டும். அட்மின் இல்லாமல் நடக்காது, சி.டி. அலுவலகத்தில் இருக்காது. தமிழ் எழுத்துருவை நிறுவுவதற்கும் அட்மின் வேண்டும். அதனால் யாரோ ஒருமுறை போட்டுக் கொடுத்த வானவில்லோ பாமினியோ எது இருந்ததோ அதிலேயே ஆண்டுக்கணக்கில் ஓட்டினார்கள். 1999 தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை அரசின் தரமானது. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டுச் சமயத்தில், யூனிகோடும் டேஸ்16-ம் தரம் என்று ஆணை வந்தது. ஆணை வந்த வேகத்தில் யூனிகோடு மேசைக்கு வரவில்லை. அதற்கு எத்தனையோ காரணம் சொல்வார்கள். கண்ட்ரோல் பேனல் பூட்டை யாரும் சொல்வதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. விஸ்டாவிலிருந்து அந்த டிக் தேவையில்லாமல் போயிற்று. 2018-ல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அட்மின் இல்லாமலே ஒருவர் தனக்கு மட்டும் எழுத்துரு நிறுவிக்கொள்ளலாம். 2019 மே பதிப்பில் தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் உள்ளேயே வந்துவிட்டன. சாதாரணக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளலாம். அதாவது, இருபது வருஷத்தில் இயங்குதளம் செய்தவர்கள் மொழியைக் கணினியின் அமைப்பு என்ற இடத்திலிருந்து எடுத்து, மனிதரின் விருப்பம் என்ற இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தியிருக்கிறார்கள். நம் பூட்டு அதை ஒரே சொடுக்கில் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டது. யாரும் திட்டமிட்டுத் தமிழைத் தடுக்கவில்லை. பூட்டுக்குள் தமிழும் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இதனால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு: குண்டூரை ஆங்கிலத்தில் ஒருவர் 'ஜி'யில் தொடங்குவார், ஒருவர் 'கே'யில், நடுவில் 'டி'யா 'டீ'யா என்று இன்னொரு குழப்பம். அதைத் திரும்பத் தமிழாக்கும் கருவி குந்தூர் என்றும் தரும், ஆந்திராவுக்கும் அனுப்பும். ஆள் பெயரிலும் இதே கதை. பழங்குடிச் சான்று கோட்டாட்சியர் வரை போக வேண்டிய விஷயம். சாதிப் பெயரே 'மலையாளி' என்று இருப்பதால் கேரளத்துக்காரரா என்று கேட்கும் கேள்வியை மலைக்காரர்கள் ஏற்கெனவே போதுமான அளவு கேட்டுவிட்டார்கள். அதோடு தகப்பனார் பெயரில் ஓர் எழுத்து மாறினால் அதற்காக இன்னொரு தடவை 70 வளைவு இறங்கி ஏற வேண்டியது அந்தக் குடும்பம்தான்.

எல்லாவற்றையும் திறந்துவிடச் சொல்லவில்லை என்றேன் அல்லவா, அதற்கும் ஓர் உதாரணம். இன்னோர் அலுவலகத்தில் (இதற்கும் பெயரில்லை) பழைய கணினி ஒன்றில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோய், ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். தேதி தப்பென்றால் பாதுகாப்பான இணையதளம் எதுவும் திறக்காது, சான்றிதழ் செல்லாது என்று சொல்லும். இணையத்திலிருந்து நேரம் தானாகச் சரியாகாதா என்றால், அந்தப் பழைய விண்டோஸில் வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் போனால் திருத்த மறுத்துவிடும். பயனர் தேதியை மாற்ற முடியாது. பயாஸ் வழியாகப் போகலாம் என்றால் அங்கேயும் பாஸ்வேர்டு. இந்த இடத்தில் தேதி மாற்றும் உரிமையைப் பயனருக்குக் கொடு என்று நான் சொல்ல மாட்டேன். பதிவுகளின் நேரம் நம்பகமாக இருக்க வேண்டும், அது பூட்டியே இருக்கட்டும். அங்கே தேவை ஒரு சிஆர்2032 பேட்டரி. பூட்டு சரி, பூட்டியவர் வந்து பார்க்கவில்லை என்பதுதான் தப்பு.

ஆக, பூட்டும்போது பிரித்துப் பார்த்துப் பூட்ட வேண்டும். அதற்கான வசதி புதிதும் அல்ல. கண்ட்ரோல் பேனலில் குறிப்பிட்ட சிலவற்றை மட்டும் காட்டு என்ற விதி விண்டோஸ் 2000 காலத்துப் பழசு. செட்டிங்ஸில் எந்தெந்தப் பக்கம் தெரியலாம் என்று வரிசையாக எழுதிக் கொடுக்கும் விதி 2017-லிருந்து இருக்கிறது. மொழி, திரை, பிரிண்டர், அப்டேட் நிலவரம் இந்த நான்கையும் தெரியவைத்துவிட்டு மற்றதை மூடலாம். லினக்ஸில் இது இன்னும் சுலபம், தனி ஆளின் விருப்பங்கள் அவர் வீட்டு அடைவில், கணினியின் அமைப்புகள் வேறிடத்தில் என்று பிறவியிலேயே பிரித்து வைத்திருக்கிறது. எல்காட் 2007 வாக்கில் உமாசங்கர் தலைமையில் ஸூஸ் லினக்ஸுக்கு நகர்ந்தபோது வைரஸ் தொல்லையைப் பற்றி நிறையப் பேசினார்கள். இந்தப் பிரிவினையைப் பற்றியும் பேசியிருக்கலாம்.

கிளம்பும்போது அந்தப் பெண்ணிடம், விசைப்பலகை வேண்டும் என்று மேலே எழுதிக் கேட்டீர்களா என்று கேட்டேன்.

"கேட்டேங்க சார். லெட்டரா அனுப்புங்கன்னாங்க."

"அனுப்பினீங்களா?"

"தமிழ்ல அடிச்சு அனுப்பணுமாங்க சார்."

இருவரும் சிரித்தோம். அவர் செல்போனை எடுத்து அடுத்த பெயரை அடிக்க ஆரம்பித்தார். நான் இந்தக் குறிப்பின் கடைசிக்கு முந்தைய பகுதியை, அந்த நான்கு பக்கங்களுக்கான விதியோடு சேர்த்து, கீழே ஒருவருக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். "பாக்கிறேங்க" என்று பதில் வந்திருக்கிறது.